மதகு மூடும் நேரம்

நாலு மணிக்கு மதகை மூடிவிடுவார்கள்.
அதன் பிறகு கரைக்கு வெளியே இருப்பவன்
கடலுக்குள் இருப்பவன் என்றுதான் கணக்கு.
எங்கள் வீடு கரைக்கு வெளியே.

வானத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது,
துடைத்து வைத்த பீங்கான் தட்டு.
லூசியானாவின் இந்தத் தெற்கு நுனியில்
நிலம் நீரைவிட ஒரு முழம்தான் உசத்தி,
அதுவும் நீர் வடிந்திருக்கும் நேரத்தில்.
உப்பேறிச் செத்த ஓக் மரங்கள்
வெள்ளையாய் நிற்கின்றன.
உதிர்க்க ஓர் இலையும் இல்லாததால்
புயலுக்கு அவற்றிடம் வேலையில்லை.

விடிந்ததிலிருந்து ஜன்னல்களுக்கு ஆணி அடித்தேன்.
போன புயலுக்கு அறுத்த பலகைகள்தான்,
"சமையலறை, இடது" என்கிறது என் பழைய கையெழுத்து.
படகைக் கழியில் மேலேற்றிக்கொண்டு போய்
ஏழு கயிறு போட்டாயிற்று,
நீரோடு சேர்ந்து அதுவும் ஏறட்டும் என்று தளர்ச்சி விட்டு.
இறுக்கிக் கட்டியவன் படகுதான் முதலில் மூழ்கும்.

கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன்.
இங்கே செத்தவர்களை நம்ப முடியாது.
வெள்ளம் வந்தால் பெட்டியோடு கிளம்பி
அடுத்த ஊர்க் கரும்புக் காட்டில் போய் நிற்பார்கள்.
லாரியில் சரக்குக் கட்டும் பட்டையால்
அம்மாவின் மூடுகல்லை இரண்டு சுற்றுச் சுற்றி
கிளிக் கிளிக்கென்று இறுக்கினேன்.
மன்னிச்சுக்கோ, என்றேன்.
இருந்தவரை காரில்
சீட் பெல்ட்கூடப் போட்டதில்லை அவள்.

மீதி இருந்தது என் அண்ணன் க்ளோவிஸ்.
வரமாட்டேன் என்றான்.
இதே நாற்காலியில் உட்கார்ந்து நாலு புயல் பார்த்தவனாம்.
"இது உன்னைப் பார்க்க வரவில்லை,
நாற்காலிக்காக வருகிறது" என்றேன்.
சிரிக்கவில்லை.

இரண்டரைக்கு ஷெரீப் அலுவலகத்துப் பையன் வந்தான்.
மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வராத வயது.
போகாதவர்களிடம் கெஞ்சக் கூடாதென்று உத்தரவாம்.
கறுப்பு மார்க்கர் ஒன்றை நீட்டினான்.
"அரசாங்க எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.
அழியாத மை."
எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை.
பையன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

க்ளோவிஸுக்குக் கிட்டப் பார்வை கிடையாது.
நான்தான் எழுதினேன்.
வெயில் தின்ற முன்கை,
வலை அறுத்த தழும்பின் மேல்
ஒன்பது இலக்கம்.
பேனாவின் கீழே தோல் நகர்ந்துகொண்டே இருந்தது,
பிடித்துக்கொள்ள ஏதோ தேடுவதுபோல.

பையன் போன பிறகு
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
கையைத் தள்ளிப் பிடித்தான், பக்கத்தில் பிடித்தான்.
"ஒலீதா, இது உன் நம்பர்."

ஆமாம், என் நம்பர்.
நாற்பது வருஷம் படிவம் படிவமாய் எழுதிய கை
தன்னைத்தானே எழுதியிருக்கிறது.

அப்போதுதான் சிரித்தான்,
நெஞ்சுச் சளி குலுங்கக் குலுங்க.
"நான் மிதந்தால் உன்னையல்லவா புதைப்பார்கள்!
உன் பேரில் நான் சாகமாட்டேன்டி.
லாரிக் கடன், பல் டாக்டர் கடன்
எல்லாம் என் தலையில் விழும்."

சோப்பு. மண்ணெண்ணெய். எலுமிச்சம்பழம்.
மை எதற்கும் அசையவில்லை.
மணி மூன்று இருபது.

எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்தான்.
கோப்பையில் உறைந்திருந்த தண்ணீரின் மேல்
ஒரு காசை வைத்து மூடினான்.
மின்சாரம் போய், பனி உருகி, மறுபடி உறைந்தால்
காசு அடியில் கிடக்கும்,
உள்ளே இருக்கும் இறாலைத் தொடாதே என்று அர்த்தம்.
திரும்பி வந்து பார்க்கப் போகிறவன் செய்யும் வேலை அது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
லாரியைக் கிளப்பினேன்.

பாலத்தில் ஏறும்போது கண்ணாடியில்
மதகின் இரும்பு மெதுவாய் நகர்வது தெரிந்தது.
என் எண்ணை
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தான் க்ளோவிஸ்.
முதல் காற்று அதன் மேல் வந்து போனது.

"காசில் எதை மேலே வைத்தாய்,
தலையா, பூவா?"

"பார்க்கலையே" என்றான்.